12 ஏ.எம். என்றால் எந்த ராத்திரி?

கல்யாணப் பத்திரிகையின் இங்கிலீஷ் பக்கம், டி.என்.பி.எஸ்.சி. ஹால் டிக்கெட், வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் ஏறுவதற்கு எடுத்த ஆம்னி பஸ் டிக்கெட், ஆஸ்பத்திரியில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரி. எதை எடுத்தாலும் மணிக்குப் பின்னால் ஏ.எம். அல்லது பி.எம். ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கிலீஷ் படிக்காதவர்களும் வாயில் வைத்திருக்கிற சுருக்கம் இது. ஆனாலும், பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கிற எனக்கு, தினமும் வந்து சேருகிற காகிதங்களில் அதிகம் திருத்த வேண்டியிருப்பது இந்த இரண்டு எழுத்தைத்தான். எழுத்துப் பிழை வந்தால் படிக்கிறவர்கள் தாங்களே சரிசெய்து படித்துக்கொள்வார்கள். நேரத்தில் பிழை வந்தால் வண்டியை விட்டுவிடுவார்கள், பரீட்சையை விட்டுவிடுவார்கள். அதனால்தான் இதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் விரிவு. இரண்டுமே லத்தீன் மொழியிலிருந்து வந்தவை. ஏ.எம். என்பது ‘ஆன்டி மெரிடியெம்’, நடுப்பகலுக்கு முன். பி.எம். என்பது ‘போஸ்ட் மெரிடியெம்’, நடுப்பகலுக்குப் பின். இந்த ‘ஆன்டி’யும் ‘போஸ்ட்’டும் நமக்குப் புதிதில்லை. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்குப் போனவர்கள் ஆன்டிநேட்டல் வார்டு, போஸ்ட்நேட்டல் வார்டு என்று கேட்டிருப்பார்கள். பிரசவத்துக்கு முன், பிரசவத்துக்குப் பின். அதே ஆன்டி, அதே போஸ்ட். இதை நினைவில் வைத்தால் எது முன், எது பின் என்ற குழப்பம் ஒருநாளும் வராது. ‘ஆஃப்டர் மிட்நைட்’ என்பதன் சுருக்கம்தான் ஏ.எம். என்று சில டியூஷன்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மனப்பாடம் செய்ய வசதிதான், ஆனால் அது உண்மையான விரிவு இல்லை. 

ஆக, ஒரு நாளின் 24 மணி நேரத்தை நடுப்பகலில் இரண்டாக வகுந்தாயிற்று. நடு ராத்திரியிலிருந்து நடுப்பகல் வரை உள்ள 12 மணி நேரம் ஏ.எம். நடுப்பகலிலிருந்து அடுத்த நடு ராத்திரி வரை உள்ள 12 மணி நேரம் பி.எம். அவ்வளவுதான் விஷயம். இதில் வெளிச்சம், இருட்டு, தூக்கம், விழிப்பு எதற்கும் இடமில்லை.

நம் ஆட்கள் தடுமாறுவது இங்கேதான். ஏ.எம். என்றால் காலை, பி.எம். என்றால் ராத்திரி என்று பள்ளிக்கூடத்தில் பதிந்துபோய்விடுகிறது. நாம் நேரம் சொல்கிற முறையே வேறு. விடியக்காலம் 4 மணி, காலை 9 மணி, மத்தியானம் 2 மணி, சாயங்காலம் 6 மணி, ராத்திரி 10 மணி, நடுச்சாமம் 1 மணி என்று ஒரு நாளை ஐந்தாறு துண்டாக்கிப் பேசுகிறோம். இங்கிலீஷ் சுருக்கத்தில் இரண்டே துண்டு. நடுச்சாமம், விடியக்காலம், காலை மூன்றையும் ஏ.எம். விழுங்கிவிடுகிறது. மத்தியானம், சாயங்காலம், ராத்திரி மூன்றும் பி.எம்.முக்குள் போய்விடுகின்றன. தமிழில் செட்டிங் வைத்த சில போன்களில் ராத்திரி ஒன்பது மணிக்கு ‘பிற்பகல் 9:00’ என்று காட்டுவதைப் பார்த்து, போனில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறவர்கள் உண்டு. கோளாறு இல்லை. பி.எம். என்ற சொல்லை நேராகத் தமிழாக்கினால் அப்படித்தான் வரும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஏ.எம்., பி.எம். தனியாகப் பொருள் தருவதில்லை. தேதியோடு சேர்ந்தால்தான் பொருள். ‘1 ஏ.எம்.’ என்றால் அது எந்தத் தேதியின் முதல் பாதியில் இருக்கிறதோ அந்தத் தேதிக்கு உரியது. இங்கிலீஷ் தேதி நடு ராத்திரியில் மாறுகிறது. நம் பேச்சிலோ நாள் விடிந்தால்தான் மாறும். வெள்ளிக்கிழமை சாப்பிட்டுப் படுத்து, நடுவில் எழுந்து தண்ணீர் குடித்தால் அது நமக்கு வெள்ளிக்கிழமை ராத்திரிதான். கடிகாரத்துக்கு அது சனிக்கிழமை.

ஒரு டிக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். நாகர்கோவிலில் வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரைக்குப் புறப்படும் சென்னை பஸ். திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில் ஏறும் நேரம் ‘12.15 ஏ.எம்., சாட்டர்டே’ என்று அடித்திருக்கிறது. வாங்கினவர் என்ன செய்வார்? சாட்டர்டே என்று பார்த்ததும் சனிக்கிழமை நிதானமாக இருந்து, சாயங்காலம் டவுனுக்குப் போய் அல்வா வாங்கி, ராத்திரி பதினொன்றரைக்கு ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். அவருடைய பஸ் முந்தின ராத்திரியே போய்விட்டது. 12.15 ஏ.எம். சனிக்கிழமை என்பது சனிக்கிழமை தொடங்கிப் பதினைந்தே நிமிடம் ஆன நேரம். வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும்.

இதே டிக்கெட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கலாம். பஸ் புறப்படுகிற ஊரில் தேதி ஒன்று, நாம் ஏறுகிற ஊரில் தேதி வேறு. அதனால் மேலே பயணத் தேதி என்று போட்டிருப்பதையும், ஏறுமிடத்துக்கு நேரே இருக்கிற தேதியையும், இரண்டையும் பார்க்க வேண்டும். 12 மணியிலிருந்து 4 மணி வரை ஏ.எம். போட்ட எந்த டிக்கெட்டைப் பார்த்தாலும், ‘இதற்கு முந்தின நாள் ராத்திரி நான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். டிக்கெட்டின் ஓரத்தில் பேனாவால் ‘வெள்ளி ராத்திரி’ என்று எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

இந்தச் சிக்கலுக்கு நம் ஜோசியர்கள் எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பஞ்சாங்கத்தில் நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த சூரிய உதயம் வரை. சனிக்கிழமை 2.10 ஏ.எம்.முக்குப் பிறந்த பிள்ளைக்கு ஜாதகத்தில் ‘வெள்ளிக்கிழமை இரவு, விடிந்தால் சனிக்கிழமை’ என்று எழுதுவார்கள். தமிழ்த் தேதியும் கிழமையும் வெள்ளிக்கு உரியது. பிறப்புச் சான்றிதழில் அதே பிள்ளைக்குச் சனிக்கிழமையின் இங்கிலீஷ் தேதி இருக்கும். இரண்டுமே சரி. ‘விடிந்தால் சனி’ என்ற இந்த ஒரு தொடர் போல இங்கிலீஷில் கச்சிதமாக எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். பேச்சிலும் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். “வெள்ளிக்கிழமை ராத்திரி, விடிஞ்சா சனிக்கிழமை, பன்னிரண்டே காலுக்கு பஸ்” என்று போனில் சொன்னால் யாரும் தவறவிட மாட்டார்கள்.

ஆனால் ஜாதகத்தைப் பார்த்துப் பள்ளிக்கூட விண்ணப்பத்தை நிரப்பக் கூடாது. கிழமையைப் பார்த்துத் தேதியை ஒரு நாள் முன்னால் தள்ளி எழுதிவிட்டால், பிறப்புச் சான்றிதழுக்கும் மாற்றுச் சான்றிதழுக்கும் ஒத்துப்போகாமல் பின்னால் அலைய வேண்டிவரும். அதேபோல, கம்ப்யூட்டரில் ஜாதகம் கணிக்கக் கொடுக்கும்போது 2.10 ஏ.எம். என்பதை 2.10 பி.எம். என்று தட்டிவிட்டால் 12 மணி நேரம் மாறிவிடும். ராசியும் நட்சத்திரமும் அப்படியே இருந்துவிட வாய்ப்பு உண்டு, ஏனென்றால் சந்திரன் அரை நாளில் ஆறேழு பாகைதான் நகரும். லக்னம் மட்டும் ஏறக்குறைய நேர் எதிர் ராசிக்குப் போய்விடும். ராசி நட்சத்திரம் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. ஜாதகத்தை நம்புகிறவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இந்த எழுத்தை.

அடுத்தது பன்னிரண்டு மணி. மற்ற எல்லா மணியும் ஒழுங்காக நடந்துகொள்ளும், 12 மட்டும் படுத்தும்.

மத்தியானம் 12 மணி என்பது நடுப்பகல். அது நடுப்பகலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அப்படியானால் ஏ.எம். போடுவதா, பி.எம். போடுவதா? எழுத்தின் பொருளைப் பார்த்தால் இரண்டுமே பொருந்தாது. ஆனால் கடிகாரத்தில் ஏதாவது ஒன்றைக் காட்டியாக வேண்டும். 12 மணி தாண்டி ஒரு நொடி ஆகிவிட்டால் பி.எம். என்பதில் சந்தேகமே இல்லை. அந்த ஒரு நொடிக்காக எழுத்தை மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்பதால், மத்தியானம் 12.00 முதல் 12.59 வரை முழுவதும் பி.எம். என்று வைத்துவிட்டார்கள். அதே காரணத்தால் நடு ராத்திரி 12.00 முதல் 12.59 வரை ஏ.எம். நம் போன், கம்ப்யூட்டர், டிக்கெட் அடிக்கிற மெஷின் எல்லாம் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

எண்ணிக்கை வரிசைதான் ஆளைக் கவிழ்க்கிறது. 11 ஏ.எம்.முக்குப் பிறகு 12 பி.எம்., அதற்குப் பிறகு 1 பி.எம். என்று வருகிறது. 12 பெரிய எண், 1 சின்ன எண், அதனால் பி.எம்.மில் 12 கடைசியாக வரும் என்று மனசு எதிர்பார்க்கிறது. இதைத் தாண்ட எளிய வழி, 12-ஐப் பூஜ்யமாக எண்ணிக்கொள்வது. 12, 1, 2, 3 என்று தொடங்கி 11-இல் முடிகிறது ஒவ்வொரு பாதியும். 12.40 பி.எம். என்றால் பூஜ்யம் மணி 40 நிமிடம், பி.எம். பாதி தொடங்கிய நாற்பதாவது நிமிடம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்பது உடனே பிடிபட்டுவிடும்.

இது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள குழப்பம் இல்லை. அமெரிக்க அரசின் அச்சுத்துறையே தன் நடைக் கையேட்டில் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு வரை மத்தியானத்தை 12 ஏ.எம். என்றும் நடு ராத்திரியை 12 பி.எம். என்றும் வைத்திருந்தது. 2008 பதிப்பில்தான் அதைத் தலைகீழாக மாற்றினார்கள். அந்த நாட்டின் அளவீட்டு நிறுவனமான நிஸ்ட், 12-க்கு இந்த எழுத்துகளே வேண்டாம், ‘12 நூன்’, ‘12 மிட்நைட்’ என்று எழுதுங்கள் என்கிறது. நானும் ப்ரூஃபில் அதைத்தான் செய்கிறேன். அழைப்பிதழில் ‘12 பி.எம்.’ என்று வந்தால் ‘12 நூன்’ என்று மாற்றச் சொல்வேன். தமிழ்ப் பக்கத்தில் ‘நண்பகல் 12 மணி’. படிக்கிறவர் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும்.

நடு ராத்திரிக்கு ‘மிட்நைட்’ என்று எழுதினாலும் தேதிச் சிக்கல் விடாது. ‘ஜூன் 10 மிட்நைட்’ என்றால் 9-ஆம் தேதி முடிகிற ராத்திரியா, 10-ஆம் தேதி முடிகிற ராத்திரியா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பில் விண்ணப்பிக்கக் கடைசி நேரம் ‘11.59 பி.எம்.’ என்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு நிமிடத்தைக் குறைத்து, தேதியில் சந்தேகத்துக்கே இடம் வைக்காமல் விட்டார்கள். வண்டி இன்சூரன்ஸ் பாலிசியில் 00:00 மணியிலிருந்து தொடங்குவதாகப் போடுவதும் இதற்காகத்தான். நீங்களே ஒரு போட்டி அறிவிக்கிறீர்கள், ஒரு நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நேரம் வைக்கிறீர்கள் என்றால் 12 ஏ.எம். என்று எழுதவே எழுதாதீர்கள். 11.59 பி.எம். என்று எழுதுங்கள்.

பன்னிரண்டைப் பற்றிப் பேசும்போது நம் ஊர் வெயிலையும் சொல்லிவிட வேண்டும், எனக்குப் பிடித்த விஷயம் இது. மெரிடியெம் என்பது சூரியன் உச்சிக்கு வருகிற நேரம். கோயில்களில் உச்சிக்கால பூஜை என்கிறோமே, அந்த உச்சி. ஆனால் திருநெல்வேலியில் கடிகாரம் 12 காட்டும்போது சூரியன் உச்சிக்கு வந்திருக்காது. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்று 1906-இல் வைத்தபோது, உத்தரப் பிரதேசத்தில் மிர்சாப்பூர் பக்கமாகப் போகிற 82.5 பாகை தீர்க்கரேகையை அளவாக எடுத்துக்கொண்டார்கள். திருநெல்வேலி இருப்பது ஏறக்குறைய 77.7 பாகையில். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். கணக்குப் போட்டால், மிர்சாப்பூரில் உச்சி தாண்டி 19 நிமிடம் கழித்துத்தான் நெல்லையப்பர் கோயில் கோபுரத்துக்கு நேரே சூரியன் உச்சிக்கு வருகிறது. சராசரியாக 12.19. பூமியின் பாதை வட்டமாக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் இது ஆண்டு முழுக்கக் கொஞ்சம் முன்பின்னாக நகரும். நவம்பர் தொடக்கத்தில் 12.03 வாக்கில், பிப்ரவரி நடுவில் 12.33 வாக்கில். ஆக, வருஷத்தில் எந்த நாளிலும் நம் ஊரில் 12 மணிக்கு முன்னால் உச்சி வருவதில்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சூரியன் இங்கே நேர் தலைக்கு மேல் வரும் நாள் ஒன்று உண்டு, ஆகஸ்ட் கடைசியிலும் ஒன்று. அன்றைக்கு ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். 12 மணிக்கு நிழல் கொஞ்சம் மேற்கே விழும். சுமார் இருபது நிமிடம் கழித்துத்தான் நிழல் குச்சியின் அடிக்குள் போய் ஒடுங்கும். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சி. லத்தீன் பொருள்படி பார்த்தால் 12.10 பி.எம். என்று போன் காட்டும்போதும் நம் ஊரில் வருஷத்தின் பெரும்பாலான நாட்களில் இன்னும் ‘ஆன்டி மெரிடியெம்’தான். இந்த எழுத்துகள் இன்றைக்குக் கடிகாரத்துக்கு உரியவை, சூரியனைப் பார்த்து இவற்றை எழுத முடியாது.

சரி, வாக்கியத்துக்குள் இவற்றை எப்படி வைப்பது?

அச்சகத்துக்கு வரும் பிழைகளில் முதலிடம் ‘மார்னிங் 9 ஏ.எம்.’ என்பதற்குத்தான். ஏ.எம். என்று சொன்னபிறகு மார்னிங் எதற்கு? ‘ஈவ்னிங் 6 பி.எம்.’, ‘10 ஏ.எம். இன் த மார்னிங்’ எல்லாம் இதே கூட்டம். ஒன்று எழுத்தைப் போடுங்கள், இல்லையென்றால் சொல்லைப் போடுங்கள். “த ஃபங்ஷன் பிகின்ஸ் அட் 9 ஏ.எம்.” என்றும் சொல்லலாம், “அட் 9 இன் த மார்னிங்” என்றும் சொல்லலாம். இரண்டையும் சேர்த்தால் பொருள் கெடாது, ஆனால் படிக்கிறவர் கண்ணுக்கு இங்கிலீஷ் அரைகுறையாகத் தெரியும்.

ஒரு கல்யாண வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, “ரெண்டுமே போட்டிருங்க அண்ணாச்சி, வயசானவங்க பாத்தா புரியும்லா” என்றார். அவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வயதானவர்கள் பார்ப்பது தமிழ்ப் பக்கத்தை. அங்கே ‘காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்’ என்று தெளிவாகப் போட்டிருக்கிறோம். இங்கிலீஷ் பக்கத்தில் “பிட்வீன் 9.00 அண்ட் 10.30 ஏ.எம்.” போதும் என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார். தமிழ் வாக்கியத்தில் ‘காலை 9 ஏ.எம்.’ என்று எழுதுவதும் வேண்டாத வேலைதான். காலை என்ற சொல்லே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது, தமிழுக்கு இந்தச் சுருக்கமே தேவையில்லை. இலங்கைத் தமிழர்கள் முற்பகல், பிற்பகல் என்பதைச் சுருக்கி மு.ப., பி.ப. என்று அழகாக எழுதுகிறார்கள், அதுவும் நல்ல வழக்கம்.

மேலே சொன்ன முகூர்த்த வரியில் ஏ.எம். ஒரே ஒருமுறைதான் வந்தது, கவனித்தீர்களா? இரண்டு நேரமும் ஒரே பாதியில் இருந்தால் கடைசியில் ஒருமுறை போட்டால் போதும். பாதி மாறினால் இரண்டிலும் போட வேண்டும். மின்தடை அறிவிப்பு காலை 9 முதல் மத்தியானம் 2 வரை என்றால் “ஃப்ரம் 9 ஏ.எம். டு 2 பி.எம்.” என்றுதான் எழுத வேண்டும். “9 டு 2 பி.எம்.” என்று விட்டால், முதல் 9 எது என்று படிக்கிறவர் ஊகிக்க வேண்டும். ‘ஃப்ரம்’ போட்டால் நடுவில் ‘டு’ வர வேண்டும், ‘பிட்வீன்’ போட்டால் நடுவில் ‘அண்ட்’. ‘பிட்வீன் 9 டு 10.30’ என்று எழுதுவது நம் பக்கம் மிகப் பரவலான தவறு.

மணிக்கு முன்னால் வருவது ‘அட்’. 6 மணிக்கு என்பதற்கு “அட் 6 ஏ.எம்.” மட்டுமே. ‘ஆன் 6 ஏ.எம்.’ என்றோ ‘இன் 6 ஏ.எம்.’ என்றோ வராது. தேதிக்குத்தான் ‘ஆன்’. 5 மணிக்குள் என்றால் “பை 5 பி.எம்.” இந்த ‘பை’யை நம் பிள்ளைகள் அதிகம் பயன்படுத்துவதில்லை. ‘பிஃபோர் 5 பி.எம்.’ என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் சரியாக ஐந்துக்குக் கொடுத்தால் ஏற்பார்களா என்ற கேள்வி எழும். சரியாகப் பத்து மணிக்கு என்று அழுத்திச் சொல்ல வேண்டுமா, “10 ஏ.எம். ஷார்ப்”. ஷார்ப் பின்னால் வர வேண்டும். ‘ஓ கிளாக்’ போட்டால் ஏ.எம். போடக் கூடாது.

‘டுடே நைட் 8 பி.எம்.’ என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். இன்றைக்கு ராத்திரி என்பதை அப்படியே மாற்றியது அது. இங்கிலீஷில் ‘டுநைட்’ என்றே ஒரு சொல் இருக்கிறது. “டுநைட் அட் 8” என்றாலே போதும், பி.எம். கூட வேண்டாம். நாளைக் காலை என்பதற்கு “டுமாரோ அட் 6 ஏ.எம்.” அல்லது “6 ஏ.எம். டுமாரோ”.

எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். சின்ன எழுத்தில் புள்ளி வைத்து எழுதலாம், பெரிய எழுத்தில் புள்ளி இல்லாமலும் எழுதலாம். இரண்டும் வழக்கத்தில் இருக்கின்றன. சின்ன எழுத்தில் எழுதும்போது புள்ளி வைப்பது நல்லது என்பது என் கருத்து. புள்ளி இல்லாவிட்டால் ‘ஐ ஆம்’ என்பதில் வருகிற ‘ஆம்’ போல ஒரு நொடி கண் ஏமாறும். எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட வேண்டும். எந்த முறையை எடுத்தாலும் ஒரு காகிதம் முழுக்க அதே முறை இருக்க வேண்டும். ஒரே அழைப்பிதழில் முகூர்த்தத்துக்குப் பெரிய எழுத்து, ரிசப்ஷனுக்குச் சின்ன எழுத்து என்று இருந்தால் பார்க்கவே நன்றாக இருக்காது. வாக்கியம் ஏ.எம். என்று முடிந்தால் அந்தக் கடைசிப் புள்ளியே முற்றுப்புள்ளியாகவும் ஆகிவிடும், இன்னொன்று வேண்டாம். கேள்விக்குறி வந்தால் புள்ளியையும் வைத்து அதையும் வைக்கலாம்.

ரயில்வேயில் இந்தச் சுருக்கமே கிடையாது. டிக்கெட்டில் 20:40 என்றோ 00:15 என்றோதான் இருக்கும். 12-க்கு மேலே எண் வந்தால் 12-ஐக் கழித்துக்கொண்டு பி.எம். என்று வாசிக்க வேண்டியதுதான். 20:40 என்றால் ராத்திரி 8.40. ‘20.40 பி.எம்.’ என்று எழுதக் கூடாது, 20 என்பதே ராத்திரி என்று சொல்லிவிட்டது. 00:15 பார்த்தால் மட்டும் மறுபடியும் அந்தத் தேதிப் பாடம். சீட்டில் இருக்கிற தேதி தொடங்கிப் பதினைந்து நிமிடம் ஆனது என்று அர்த்தம், முந்தின நாள் ராத்திரியே ஜங்ஷனில் இருக்க வேண்டும். இந்த முறையில் 12 மணிக் குழப்பமே வராது என்பதால், அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் போனிலும் 24 மணி நேர முறையை வைத்துக்கொள்ளலாம். அலாரம் வைக்கிறவர்களுக்கும் அது நல்லது. காலை 5 மணிக்கு வைக்க வேண்டியதைச் சாயங்காலம் 5-க்கு வைத்துவிட்டுத் தூங்குகிற விபத்து அதில் நடக்காது.

இன்னும் ஒன்று இருக்கிறது, பரீட்சை எழுதுகிறவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணையிலும் அரசுத் தேர்வு அட்டவணையிலும் எஃப்.என்., ஏ.என். என்று இரண்டு சுருக்கங்கள் வரும். எஃப்.என். என்பது ஃபோர்நூன், முற்பகல். ஏ.என். என்பது ஆஃப்டர்நூன், பிற்பகல். இந்த ஏ.என்.னும் நம் ஏ.எம்.மும் எழுத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கின்றன, பொருளிலோ நேர் எதிர். ஏ.என். என்று போட்டிருந்தால் அது பி.எம்.! மங்கலான ஜெராக்ஸில் என்னும் எம்மும் ஒன்றாகத் தெரியும். அந்தக் காகிதத்தை மட்டும் நம்பாமல், பக்கத்தில் 9.30 முதல் 12.30 வரை என்றோ 2.00 முதல் 5.00 வரை என்றோ நேரம் கொடுத்திருக்கிறார்களா என்று தேடிப் பார்க்க வேண்டும். அரசு ஊழியர்கள் ஓய்வு பெறும் ஆணையில் மாதத்தின் கடைசி நாளுக்குப் பக்கத்தில் ஏ.என். என்று இருப்பதும் இதே பிற்பகல்தான். அந்த நாள் முழுக்க வேலை பார்த்து, முடிகிற நேரத்தில் பணியிலிருந்து விடுபடுகிறார்கள்.

எங்களிடம் தேர்வு அட்டவணை அச்சுக்கு வந்தால் அந்தப் பத்தியில் எஃப்.என்., ஏ.என். மட்டும் விடாமல், நேரத்தையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேட்போம். சில கல்லூரிகள் ஒப்புக்கொள்கின்றன. இடம் போதாது என்பவர்களிடம் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக் காட்டினால் பெரும்பாலும் சம்மதித்துவிடுகிறார்கள்.